எலி கடித்த பாவும் ஒரு நெகட்டிவும்

அந்தப் போட்டி விதியை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நெகட்டிவில் விழுந்த தூசுப்புள்ளியை, கீறலை மறைக்கலாம். படத்தில் இருப்பதை எடுக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது. சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் வைத்த போட்டி, அறுபதுகளின் கடைசியில்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. நான் படம் எடுப்பேன், நெகட்டிவைத் திருத்துகிற டச்சிங் வேலை என் மனைவியுடையது. மாப்பிள்ளை முகத்தில் அம்மை வடுவா, பென்சிலால் நிரவிவிடுவாள். செத்தவர்களுக்குக் கண்ணைத் திறந்துவிட்டிருக்கிறாள். ஊரே அவள் கையைத்தான் புகழ்ந்தது. எனக்கு எரிச்சலாக இருக்காதா? நான் எடுத்த படத்துக்காக ஒரே ஒரு பரிசு வாங்கிவிட வேண்டும் என்று தவித்தேன்.

அதற்கு ஒரு படமும் வாய்த்தது. அவளுடைய அண்ணன் கூலிக்குத் தறி நெய்கிறவர். முதலாளி கொடுத்த பட்டுப் பாவை, புடவைக்கு நீளவாக்கில் கட்டிய இழைகளை, தறியிலேயே எலி கடித்துவிட்டது. அறுந்த இழைகள் கொத்தாகத் தொங்க, மனிதர் குனிந்து ஒவ்வொன்றாக முடி போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் சரியாக விரல்மேல் விழுந்தது. ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நெகட்டிவை அவளிடம் கொடுக்கும்போது, தூசைத் தவிர எதையும் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். படம் தபாலில் போக வேண்டிய கடைசி நாள் காலையில் பிரிண்ட் போட்டேன். மருந்துத் தட்டில் படம் தெளியத் தெளியக் குனிந்து பார்த்தேன். பாவில் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை!

"அடிப்பாவி, இன்னா பண்ணி வச்சிருக்கற?"

"கத்தாதீங்க. பாவை எலி கடிச்சிச்சுன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா எங்க அண்ணனுக்கு அடுத்த பாவு குடுப்பாரா? கண்டவன் மூஞ்சியில இருக்கற வடுவெல்லாம் எடுக்கச் சொல்றீங்களே, எங்க அண்ணன்னா மட்டும் இளப்பமா?"

பென்சிலால் இழைகளை வரைந்து ஒட்டியதாவது பரவாயில்லை, துடைத்தால் போய்விடும். தொங்கிய நுனிகளையெல்லாம் மகராசி நெகட்டிவிலிருந்தே பிளேடால் சுரண்டியிருந்தாள். சுரண்டினது சுரண்டினதுதான். மறுபடி எடுக்கலாம் என்றால், எலியை எங்கே போய்க் கூப்பிடுவது?

விண்ணப்பத்தின் அடியில், விதிப்படிதான் படம் தயாரானது என்று கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தேன். எந்த நடுவருக்குத் தறியைப் பற்றித் தெரியப்போகிறது? போட்டுத் தொலைக்கலாம் என்றே இருந்தேன், சத்தியமாக. அந்த நேரம் பார்த்து மைத்துனர் வந்து நின்றார். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ள, அறுந்த இழையெல்லாம் எங்க?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"இதுல நான் சும்மா குந்திக்கினு காத்தைத் தடவிக்கினு இருக்கறேன்" என்றார்.

"முதலாளி பாத்துட்டா இன்னா ஆவறதுன்னுதான், அண்ணா..." என்று அவள் இழுத்தாள்.

"அவர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேம்மா. தறியிலேர்ந்து பொடவையை அறுத்தப்புறம் தடவித் தடவிப் பாத்தாரு. ஒரு முடிகூட அவரு கைக்குத் தட்டுப்படல. எலி கடிச்சதே பொய்யி, நாளு தாண்டினதுக்குக் கூலியில புடிப்பேன்னுட்டாரு. எங்க மாப்ள படம் புடிச்சி வச்சிருக்காரு, கொண்டாந்து காட்டறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பேனாவை மூடினேன். அவர் இன்னொரு தடவை படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"வேற படம் எதனா எடுத்தீங்களா, மாப்ள?"

இல்லை என்று சொன்னேன்.