கண்ணுக்கு மேல் போட்ட கடைப்பெயர்

கரண்ட் போகும் என்பதையே நான் முப்பது வயதுக்கு மேல்தான் முழுசாக நம்பினேன். அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். தோண்டுகிற கரியில் அங்கேயே கரண்ட் எடுப்பார்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவனுக்கு மெழுகுவத்தி என்பது பிறந்தநாள் கேக்கில் குத்துகிற சாமான். பண்ருட்டிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கரண்ட் கட்டைப் பற்றிப் புலம்பினால், "எங்க ஊர்ல பூமியத் தோண்டினாலே கரண்டு" என்று அலட்டிக்கொள்வேன். அந்தத் திமிர் ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்துக்கு வந்தோம். அங்கே கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோ போட்டேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண பேனர், பழைய படத்தைப் புதுசாக்குவது. இங்கே கரண்ட் போகும். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாமலிருக்க வாங்கிய யு.பி.எஸ்.ஸின் பேட்டரி செத்துப்போய் பீப் பீப் என்று மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தது. எரிச்சல் தாங்காமல் அதைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் சொருகினேன். படம் திருத்தும் சாஃப்ட்வேர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு நகல் எடுத்து வைக்கும். மிஷின் மந்தமாகிறது என்று அதையும் நிறுத்தியிருந்தேன். இப்படிப்பட்ட மகா புத்திசாலியிடம்தான் அந்த மனிதர் வந்து சேர்ந்தார்.

மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்பவர். ஷிப்ட் முடிந்த கையோடு, அழுக்குச் சட்டையோடு வந்து நின்றார். ஒரே மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணின் பேனர் படத்தை ஏற்கெனவே நான்தான் எடுத்திருந்தேன். இப்போது அவர் பையிலிருந்து துணி சுற்றிய ஒரு சின்ன ஃபிரேமை எடுத்தார். உள்ளே அவர் மனைவி. மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாராம்.

"புயல்ல கூர போயி ஆல்பமெல்லாம் கூழாயிடுச்சிங்க. இது ஒண்ணுதான் மிச்சம். பொண்ணு பாத்தா அழுவுமேன்னு பொட்டியிலயே வச்சிக்கினு இருந்துட்டேன். அது அவங்கம்மா மூஞ்சிய ஒழுங்கா பாத்ததே இல்ல. பூவாடக்காரிக்கு படைக்கறப்ப பெருசா வச்சிடணுங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி கும்பிடுவார்கள். தாலியோடு போய்ச் சேர்ந்த பெண்ணை வீட்டுக்கு அழைத்து, புதுப்புடவையும் பூவும் வைத்துப் படைப்பது. அந்தப் படையலில் வைக்கத்தான் படம்.

ஈரம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. கிளம்பும்போது, "கண்ணாடியிலேர்ந்து மட்டும் பிரிச்சிடாதீங்க" என்றார். தலையாட்டினேன். கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்தேன். நன்றாகத்தான் வந்தது, நெற்றி ஓரத்தில் மட்டும் லேசாக வெளிச்சம் அடித்தது. அதோடு விட்டிருக்கலாம். எனக்கா கை சும்மா இருக்கும்! ஸ்கேன்தான் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில், தண்ணீரில் ஊறவைத்துப் படத்தை மெல்ல உரித்தேன். பாதி முகம் சேறாகக் குழைந்து கண்ணாடியில் இழுபட்டது. மூக்குக்கு மேலே தாளில் வெறும் வெள்ளை. தாளையும் கண்ணாடியையும் செய்தித்தாளில் சுற்றி ஓரமாக வைத்தேன். பிறகு, "போகட்டும், புதுப்படத்தைப் பார்த்தால் பழசை யார் கேட்கப்போகிறார்கள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு நாள் அந்த ஸ்கேன் மேலேயே உட்கார்ந்து வேலை செய்தேன். பொய் சொல்லவில்லை, ஆசையாகத்தான் செய்தேன். பூஞ்சைக் கறையை ஒவ்வொரு புள்ளியாக எடுத்தேன். கன்னத்து மச்சத்தைக் கறை என்று அழித்துவிட்டு, மச்சம்தான் என்று தெரிந்து திரும்ப வைத்தேன். ஆனால் ஸ்கேனைத் தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. எல்லாம் ஒரே ஃபைல், ஒரே பெயர், அதன் மேலேயே சேவ்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் வாட்ஸப்புக்குச் சாம்பிள் அனுப்பினேன். சாம்பிளை வாங்கிக்கொண்டு போய் வேறு கடையில் பிரிண்ட் போடுகிறவர்கள் உண்டு. அதற்காக நான் ஒரு வழி வைத்திருந்தேன். என் கடைப்பெயரைத் தடித்த எழுத்தில், சரியாக இரண்டு கண்ணுக்கும் மேலே போட்டுவிடுவேன். கன்னத்தில் போட்டால் அழித்துவிடலாம். கண்ணை எவனாலும் திரும்ப வரைய முடியாது. சாம்பிளைப் பார்த்துவிட்டு அவள் அப்பா போன் செய்தார்.

"கண்ணு தெரியற மாதிரி ஒண்ணு அனுப்பக் கூடாதுங்களா? பொண்ணு பாக்கணும்னு சொல்லுது."

"பிரிண்ட்ல எல்லாம் தெரியும்ங்க. அவசரப்படாதீங்க" என்று சிடுசிடுத்துவிட்டு வைத்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் கடைசியாகச் சேவ் கொடுத்தேன். சேவ் ஆவதைக் காட்டுகிற பட்டை திரையில் பாதி ஓடியிருக்கும், ஃபேன் நின்றது, திரை கறுத்தது. கரண்ட் வந்ததும் ஃபைலைத் திறந்தேன். திறக்க முடியாது என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஃபைல் பெயரின் கடைசியில் வருகிற மூன்றெழுத்து வாலை மாற்றிப் பார்த்தேன். வேறு சாஃப்ட்வேரில் திறந்து பார்த்தேன். அழிந்த ஃபைலை மீட்கிறேன் என்று சொல்கிற புரோகிராம் ஒன்றை இறக்கி ஓடவிட்டேன். அது என்னென்னவோ பழைய பாஸ்போர்ட் படங்களை எல்லாம் தோண்டிக்கொண்டு வந்தது, இந்த ஒன்றைத் தவிர. என்னோடு படித்தவன் ஒருவன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஃபைலை அவனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டான்.

"சைஸெல்லாம் சரியா காட்டுதுடா. உள்ள பூரா பூஜ்யம். ஒண்ணுமே எழுதல. ஒரிஜினல் ஸ்கேன் இருக்கு இல்ல?"

"இல்லடா."

"பேக்கப்?"

ஓரமாகக் கிடந்த யு.பி.எஸ்.ஸைப் பார்த்தேன். "நீயெல்லாம் ஒரு ஸ்டுடியோக்காரன்" என்று வைத்துவிட்டான். கோபமே வரவில்லை. சரியாகத்தான் கேட்டான்.

மிச்சம் இருந்தது வாட்ஸப்பில் அனுப்பிய சாம்பிள் ஒன்றுதான். நெற்றி இருந்தது, மூக்கு இருந்தது, மச்சம்கூட இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் என் கடைப்பெயர். எழுத்தை அழித்தால் கீழே ஒன்றும் இல்லை. படையல் மறுநாள். அப்போதாவது எழுந்து போய் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். போகவில்லை. பேனருக்கு எடுத்த மகள் படத்தைத் திறந்தேன். அவள் கண்களை வெட்டி எடுத்து, கொஞ்சம் மங்கலாக்கி, அம்மா முகத்தில் பொருத்தினேன். பொருந்தியது. அழகாகவே இருந்தது. என் கை மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

மறுநாள் காலையில் படத்தை நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். புதுப்புடவை மடித்து வைத்து, பூச்சரம் சுற்றி, விளக்கேற்றியிருந்தார்கள். நடுவில் படத்தை வைத்தார்கள். கல்யாணப்பெண் அதன் முன்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"அப்பா, எல்லாரும் என்னிய உன் சாயல்னு சொல்லிக்கினு இருந்தாங்களே. பாரு, கண்ணு அப்பிடியே அம்மா கண்ணு!"

எழுந்துபோய்ச் சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. அவளுக்கு அவளையே காட்டி ஏமாற்றியிருக்கிறேன். பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை.

அவர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு அவளோடது இல்லீங்க."

"ஃபைல் கெட்டுப்போச்சுங்க. கரண்ட்டு போயி..."

"பரவால்லீங்க. அதுகிட்ட சொல்லிடாதீங்க, சந்தோஷமா கீது. எனக்குப் பழசு இருக்கு இல்ல. கல்யாணம் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன். பொண்ணுகிட்டயும் அப்ப காட்டிடுவேன்."

அப்போதும் நான் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் வந்தார். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததை அவர் கையில் கொடுத்தேன். பிரித்தார். படத்தின் தாளைப் பார்த்தார், பிறகு கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். காய்ந்த கறையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு இதுல எங்கங்க இருக்குது?"

"இல்லீங்க" என்றேன்.

கண்ணாடியை மெல்ல இறக்கினார். பிறகு, கறை உதிர்ந்துவிடாமல் அதே செய்தித்தாளில் திரும்பச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.