ஏழாவது வளைவில் கைகாட்டியவள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலை. மதுரை கோச்சடையிலிருந்து நானும் என் மனைவியும் ஸ்கூட்டரில் ஒரு மலைக்கோயிலுக்குக் கிளம்பினோம். சோழவந்தான், வாடிப்பட்டி எல்லாம் தாண்டிப் போகிற மலை. பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த மலையின் பேய்க் கதைக்குக் கண், காது, மூக்கு வைக்க இன்னும் நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

அதற்கு முந்தின மாதம் எங்கள் மகள் டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை பிழைத்து வந்தால் மலையேறி வந்து தேங்காய் உடைக்கிறேன் என்று மனைவி வேண்டிக்கொண்டாள். சாமி கைவிடவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் அந்தப் பயணம். மகளை ஆனையூரில் என் மாமியார் வீட்டில் விட்டிருந்தோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆபீசில் நான் பெரிய வாய்ச்சவடால் பேர்வழி. பேயாவது பிசாசாவது என்று மேஜையைத் தட்டிப் பேசுவேன். கரண்ட் போனால் முதலில் மனைவியின் கையைத் தேடுகிற ஆள் நான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மலையடிவாரத்தில் ஒரு கருப்பசாமி கோயில் இருக்கிறது. மேலே போகிற வண்டிகள் அங்கே நின்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏறும். நாங்களும் அப்படியே செய்தோம். பக்கத்து டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, மேல பனி இறங்கிக் கெடக்கு. ஹாரன் அடிச்சுக்கிட்டே போங்க. ஏழாவது வளைவுல பொம்பளை யாராச்சும் கைகாட்டுனா மட்டும் நிறுத்திராதீங்க. திரும்பியும் பாக்காதீங்க."

ஏன் என்று கேட்டேன். "போன ஆளுக சொல்லிருக்காகள்ல" என்றார். அம்புட்டுத்தான் பதில். நான் சத்தமாகச் சிரித்தேன். சிரிப்பு தேவைக்கு அதிகமாகவே சத்தமாக வந்தது.

மூணாவது வளைவிலேயே பனி எங்களை மூடிவிட்டது. ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. மரம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒன்றும் புரியவில்லை. ஒரு குருவிச் சத்தம்கூடக் கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதிய மஞ்சள் கல் மட்டும் திடீர் திடீரென்று முன்னால் வந்து நின்றது. நாலு, அஞ்சு, ஆறு. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டில் அவளைப் பேசாமல் இருக்க வைக்க என்னால் ஒரு நாளும் முடிந்ததில்லை.

ஏழாவது கல்லுக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள்.

வெளுத்த சேலை. அவிழ்ந்து தொங்கிய ஈரத் தலைமுடி. ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடினாள். ஆனால் சத்தமே வரவில்லை. ஐயோ, அந்தச் சத்தம் வராத வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. "கருப்பா, காப்பாத்துய்யா" என்று ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். வண்டியை எதிர்ப்பக்கம் ஒதுக்கி, ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு பறந்துவிட்டேன். கோயில் வாசலில்தான் நிறுத்தினேன். மார்கழிக் குளிரில் என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

படிக்கட்டுக்குக் கீழே இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினோம். கழற்றிய செருப்பையே பார்த்துக்கொண்டு மனைவி அசையாமல் நின்றாள்.

"என்னங்க, அவ கால்ல ஒத்தைச் செருப்பு கெடந்துச்சு."

"யார் கால்ல?"

"அவ கால்லதான். பேய்க்குக் காலே தரையில பாவாதும்பாக. இவ ஒத்தைச் செருப்போட நிக்கிறா. பேய்க்கு எதுக்குங்க செருப்பு?"

எனக்குப் பயம் விடவில்லை. ரெண்டே நிமிஷம், சாமி கும்பிட்டுவிட்டுப் போவோம் என்று இழுத்தேன். அவள் அதற்குள் தேங்காய்ப் பையோடு வெறுங்காலில் ஸ்கூட்டரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். "நீங்க வரலைன்னா நான் நடந்தே போறேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான்.

ஏழாவது வளைவுக்குத் திரும்பி வந்தபோது அங்கே யாரும் இல்லை. மஞ்சள் கல்லும் பனியும்தான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாத்தியா, அது பேய்தான் என்று ஆரம்பித்தேன்.

அப்போது கீழே, பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. சின்னதாக ஒரு தடவை. கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு தடவை. சாலையே இல்லாத இடத்திலிருந்து ஹாரன்! மனைவி சாலை ஓரத்தில் குனிந்து ஒரு செருப்பை எடுத்துக் காட்டினாள். வார் அறுந்த பெண் செருப்பு.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினேன். ஹாரன்தான் பதில் சொன்னது.

புதரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். இருபதடி கீழே ஒரு பைக் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அடியில் ஒரு மனிதர், தொடையிலிருந்து ரத்தம். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் விடியற்காலையிலேயே விழுந்துவிட்டார்களாம். மேலே ஏறி நின்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் அந்த வாயில் சத்தம் இல்லை.

பைக்கைத் தூக்கி அவரை இழுத்துப் போட்டோம். என் துண்டால் தொடையை இறுக்கிக் கட்டினேன். அவருக்குக் கண் செருகிக்கொண்டே போனது. போனில் சிக்னல் இல்லை. மேலே சாலையில் என் மனைவி நின்று ஒரு காருக்குக் கைகாட்டினாள். வெறுங்காலோடு, பனியில் நனைந்த முடியோடு. அந்தக் கார் என்னைப் போலவே ஹாரன் அடித்துக்கொண்டு பறந்துவிட்டது.

அடுத்து மேலேயிருந்து வாழைத்தார் ஏற்றிய ஒரு மினி வேன் வந்தது. இதையும் விட்டால் அந்த ஆள் பிழைக்கமாட்டார். என் மனைவி பைக்குள் கைவிட்டு, சாமிக்கு வாங்கிய தேங்காயை எடுத்து வண்டிக்கு முன்னால் ஓங்கிச் சிதறுகாய் அடித்தாள். வேன் கிரீச்சென்று நின்றது. "சத்தியமா பேயின்னுதான்க்கா நெனைச்சேன். தேங்காய் உடைக்கிற பேய் எங்கயும் இல்லையேன்னு பிரேக்கைப் போட்டேன்" என்றார் டிரைவர். அவரும் நானும் சேர்ந்துதான் அடிபட்டவரை மேலே தூக்கி வந்தோம்.

ஆஸ்பத்திரியில், இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பெண் வெளியே வந்து, காற்றாக வந்த குரலில் என்னிடம் சொன்னாள். "மூணு வண்டி போச்சுண்ணே. கும்பிட்டுக்கூடக் கூப்பிட்டேன், ஒருத்தரும் நிக்கல. நீங்கதாண்ணே வந்தீங்க."

பனியில் அவளுக்கு ஹெட்லைட்டைத் தவிர எதுவும் தெரிந்திருக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் இப்போது நன்றாக நடக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் இரண்டு பேரும் போன் செய்து அண்ணே, அண்ணே என்று உருகுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுக்கிறேன். சத்தம் வருவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: தங்கச்சி, அந்த மூணு வண்டியில் ஒண்ணு என் ஸ்கூட்டர்.