கூரையில் விழுந்த நிழல்

எட்டு வருடம், நான்கு மாதம், ஆறு நாள். நைட் டியூட்டிக்குப் போன அப்பா திரும்பி வராமல் அவ்வளவு நாளாகியிருந்தது. இது நிஜமாக நடந்தது. நம்பச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன். படங்கள் என்னிடம் இருக்கின்றன.

அப்பா மில்லில் வாட்ச்மேன். ‘எவளையோ இழுத்துட்டு ஓடிட்டான்’ என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அம்மா வாயே திறக்க மாட்டாள். பிறகு மில்லையும் மூடிவிட்டார்கள். இப்போது இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. கைவிட்ட கட்டடங்களைப் படம் எடுப்பவள் நான். அப்பா கடைசியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

மதியம் இரண்டு மணி. மில்லின் சரக்கு அறைக்கு ஜன்னல் கிடையாது. கும்மிருட்டு. எங்கள் வழக்கம் இதுதான்: நான் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைப்பேன். அண்ணன் தூணுக்குப் பின்னால் நின்று ஃப்ளாஷை ஒரே ஒரு தடவை அடிப்பான். ஒரு வெளிச்சம். பொருளுக்கு ஒரு நிழல்.

டப்.

படத்தில் தூசி படிந்த ஆறு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிழல்.

“ரெண்டு தடவை அடிச்சியா?”

“இந்த பேட்டரி ஒரு தடவை எரிஞ்சதே பெரிசு, தாயே.”

மறுபடி. டப்.

ஒரு நிழல் சுவரில். இன்னொன்று... கூரையில்.

“அண்ணா, அடிக்காத. சும்மா நில்லு.”

ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைத்தேன். எதுவும் மின்னவில்லை.

படம் கறுப்பாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு நிழல்களும் கூரையில்...

அண்ணன் எட்டிப் பார்த்தான். “கிளம்பு.”

எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

வீட்டில் படத்தின் மேல் ஸ்கேல் வைத்தேன். நிழலிலிருந்து நாற்காலி வழியாகக் கோடு இழுத்தால் வெளிச்சம் வந்த இடம் தெரியும். காலேஜில் படித்தது. ஆறு கோடுகளும் ஒரே இடத்தில் சேர்ந்தன. மூன்றாவது தூணருகே.

சிமெண்ட் தரைக்குக் கீழே.

அண்ணன் இடிக்க வந்த மேஸ்திரியிடம் போய், அங்கே மட்டும் தோண்டச் சொன்னான். “என்ன தம்பி, புதையலா?” என்று சிரித்தாராம்.

மறுநாள் அவரே போன் செய்தார். சிரிக்கவில்லை.

கீழே ஒரு பழைய குழி. மேலே யார் சிமெண்ட் பூசினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. எலும்பு விரல்களுக்குள் ஒரு வாட்ச்மேன் டார்ச். ஸ்விட்ச் ‘ஆன்’ பக்கம் தள்ளியபடியே இருந்ததாம்.

போனை வைத்தேன்.

“யாருடி போன்ல?” அம்மா கேட்டாள்.

“அம்மா... அப்பா எங்கேயும் ஓடிப் போகல. இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்திருக்காரு.”