எதிர்ச்சுவரில் எழுதிய மன்னிப்பு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த நீளச் சுவரில் ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு மன்னிப்பு இருந்தது. நீல நிறத்தில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். "நான் வரைந்த கேலிச்சித்திரம் ஒரு பெரியவரின் மனதைப் புண்படுத்தியதற்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." கீழே ஒரு சின்னக் காக்கா. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்துதான் போக வேண்டும். அந்தக் கேலிச்சித்திரத்தை வரைந்தவள் நான். மன்னிப்பை எழுதியவர் வேறு ஒருவர்.

அவர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி போர்டு எழுதும் கடை வைத்திருந்தார். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கடைத்தெருவில் பாதி போர்டுகள் அவர் எழுதியவை. ஒவ்வொன்றின் மூலையிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு காக்கா உட்கார்ந்திருக்கும். அதுதான் அவர் கையெழுத்து.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஆண்டு விழாவுக்குத் துணி பேனர் எழுதி வாங்கப் போனபோது அவர் பழக்கமானார். பெயிண்ட் காயும் வரை காத்திருந்த நேரத்தில், கையிலிருந்த கவரின் பின்பக்கம் எங்கள் தலைமை ஆசிரியரை வரைந்து வைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டு பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"டீச்சர், இத்த உள்ள வெச்சிக்கினு சும்மா கணக்கு சொல்லிக் குடுத்துனு இருக்கீங்களே!"

விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அவர் அவ்வப்போது படம் போட்டு அனுப்புவார். அவருக்கு எழுத்து வரும், முகம் வராது. எனக்கு முகம் மட்டும் வரும். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. நான் பென்சிலில் வரைந்து, பரீட்சைப் பேப்பர் கட்டுக்கு நடுவே வைத்து அவர் கடையில் கொடுப்பேன். அவர் பிரஷ்ஷால் மை ஏற்றி, வசனம் எழுதி, மூலையில் காக்காவைப் போட்டு விழுப்புரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அரசு ஊழியர் பத்திரிகையில் கேலிப்படம் போட்டால் மெமோ வரும், மாற்றல் வரும். அதனால் என் பெயர் எங்கும் இல்லை. பத்திரிகை வந்ததும், யாரோ போட்ட படம் போல என் மகளிடமே காட்டிச் சிரிப்பேன். அவளுக்கும் தெரியாது.

மூன்று வருஷம் இப்படிப் போனது. அப்புறம் தண்ணீர் டேங்க் வந்தது. ஊரில் ஒரு ஒப்பந்தக்காரர் புதிதாகக் கட்டிய டேங்க், திறப்பு விழா முடிந்த வாரமே வறண்டுவிட்டது. விழாவுக்கு மட்டும் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியிருந்தார்கள். நான் ஒப்பந்தக்காரரின் வயிற்றையே டேங்க்காக வரைந்தேன். தொப்புளில் ஒரு குழாய். அதன் முன்னால் குடங்களோடு பெண்கள் வரிசை. பாய் மை ஏற்றும்போதே கொஞ்சம் யோசித்தார்.

"வயிறு கொஞ்சம் சின்னதா இருக்கட்டுமா, டீச்சர்?"

"சின்னதா இருந்தா அதுல என்ன பாய் இருக்குது?" என்றேன்.

படம் வந்த மறுநாள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இருவர் கடைக்கு வந்தார்கள். நான் பக்கத்துக் கடையில் சாக்பீஸ் பெட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"இன்னா பாய், எங்க அண்ணன் வயிறு உனக்கு டேங்க்கா? யாரு போட்டது?"

"காக்கா போட்டிருக்குதே, பாக்கலியா? நான்தான்."

"உனக்குதான் மூஞ்சி வராதே."

"இப்பதான் வர ஆரம்பிச்சிருக்குது."

நான் சாக்பீஸ் பெட்டியோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். அன்று ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன்.

கை வைக்காமல் விட வேண்டுமானால் மன்னிப்பை அவரே சுவரில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஏணி போட்டு, நூல் பிடித்து, இரண்டு நாள் எழுதினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "எழுத்து இன்னா அழகா வருது பாரு பாய்க்கு" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. கேலியாகச் சொல்லவில்லை, மெய்யாகவே பாராட்டினார். அதைக் கேட்டு பாய் ஏணியிலிருந்தே சலாம் வைத்தார்.

முதல் நாள் சாயங்காலம் கடைக்குப் போய், வரைந்தது நான்தான் என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"உங்க பொண்ணு பத்தாவது இல்ல? உங்கள எங்கியாவது மலைக்கு மாத்திட்டா அது படிப்பு இன்னா ஆவுறது? எனக்கு இன்னா, நாலு வரி. பெயிண்ட்டு கூட அவங்களுது."

அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் போனேன். இதை இப்போது எழுதும்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு பாய் அடிக்கடி கடையைத் திறப்பதில்லை. அந்தச் சமயத்தில் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து, எப்போதும் போல, கடை முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. மூடிய கதவிடுக்கில் செருகியிருந்ததை நான்தான் எடுத்தேன். ஆண்டு மலரில் ஒரு பக்கம், கார்ட்டூன் போடுகிறவர்கள் தங்களையே கிண்டல் செய்துகொள்ளும் பக்கம். வருஷா வருஷம் வரும். "உங்கள் ஊர் மன்னிப்புச் சமாச்சாரம் இங்கே வரை பேச்சாக இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

படித்த உடனே படம் கண்ணில் வந்துவிட்டது. பாயிடம் கேட்டிருக்கலாம். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவரைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டும் இல்லை. நல்ல யோசனை ஒன்று வந்துவிட்டால் அதைப் போடாமல் இருக்க என்னால் முடியாது. அந்தச் சுகத்துக்கு நான் அடிமை. ஞாயிற்றுக்கிழமை, மகள் டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில், நானே மை ஏற்றினேன். நானே காக்காவையும் போட்டேன். முதல் தடவையாக நானே கண்டக்டரிடம் கொடுத்தேன்.

மலர் வந்தது. அந்தப் பக்கத்தில் ஐந்து படங்கள். ஒருவர், பென்சிலைவிடப் பத்து மடங்கு பெரிய ரப்பரைத் தோளில் சுமந்து நடப்பதாகத் தன்னை வரைந்திருந்தார். இன்னொருவர் படம் போட உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் வக்கீல் மை தொட்டுக் கொடுக்கிறார். ஒருவர் கண்ணாடி பார்த்துத் தன் முகத்தையே வரைந்துவிட்டு, "இப்படம் யாரையும் குறிப்பதல்ல" என்று கீழே எழுதியிருந்தார். நடுவில் பெரிதாக என்னுடையது. ஏணியில் நின்று ஒரு காக்கா சுவரில் மன்னிப்பு எழுதுகிறது. கீழே கூட்டம் கைதட்டுகிறது. கூட்டத்தில் ஒருவன் கேட்கிறான்: "இவ்ளோ நல்லா எழுதறியே, அடுத்த மன்னிப்பு எப்போ?"

நான் கேலி செய்தது என்னையும் என் தொழிலையும்தான் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் காக்காவுக்கு ஊரில் ஒரே ஒரு முகம்தான் உண்டு. மன்னிப்புக் கேட்டவனே அந்த மன்னிப்பைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றுதான் ஊர் படித்தது. அடுத்ததும் வரும் என்று சவால் விடுகிறான் என்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் படித்தார்கள்.

நாலாம் நாள், ஒரு உரக்கடைக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தபோது பாயின் ஏணியை யாரோ ஆட்டினார்கள். யார் என்று பார்த்தவர் யாரும் இல்லையாம், பட்டப்பகலில், கடைத்தெருவில். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். தலைமாட்டில் மலர் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

"கோடு நல்லா விழுந்திருக்குது டீச்சர். ஆனா ஏணி தப்பு. அப்டி நேரா நிக்க வெச்சா எவனும் ஏற மாட்டான். என்னாண்ட காட்டியிருந்தா சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய மனைவி மட்டும் என்னைப் பார்க்காமல் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கே அந்த ஒப்பந்தக்காரர் வீட்டுக்குப் போறேன் பாய். ரெண்டு படமும் நான் போட்டதுன்னு சொல்லிட்டு வரேன். அவங்க மறுபடியும் உங்ககிட்ட வரக்கூடாது" என்றேன்.

இந்த முறை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "சொல்லிட்டு வாங்க" என்றார். அவர் மனைவி கழுவுவதை நிறுத்தினார்.

மறுநாள் சனிக்கிழமை. திண்டிவனம் ரோட்டில் அவர் வீடு. குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். வெயிலில் மலைப்பாறைகள் வெந்துகொண்டிருந்தன. சொல்ல வேண்டியதைப் பாடம் போல மனப்பாடம் செய்திருந்தேன். ஒப்பந்தக்காரரின் மனைவி பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"டீச்சரா? இன்னாங்க வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க. ஏங்க, பாப்பாவோட டீச்சர் வந்திருக்காங்க!"

அவர்கள் மகள் என் ஏழாம் வகுப்பில் படித்தாள். ஒப்பந்தக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் வயிறு நான் வரைந்த அளவுக்கு இல்லை. என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

"பாப்பா கணக்குல எப்டிங்க டீச்சர்? ஊட்ல கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

காப்பி வந்தது. பின்னம் மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறாள் என்று சொன்னேன். வீட்டில் தினமும் பத்துக் கணக்கு போடச் சொல்லுங்கள் என்றேன். காப்பியைக் குடித்து முடித்தேன்.

"நம்ம போர்டு பாய் ஏணியிலேர்ந்து வுழுந்துட்டாராமே. பாவம்" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவருக்குத் தெரிந்துதான் பார்த்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. "ஆமாங்க, பாவம்" என்றேன். கேட் வரை வந்து வழியனுப்பினார்கள்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"இன்னா சொன்னாரு டீச்சர்?"

"வீட்ல இல்ல, பாய். வெளியூர் போயிருக்காராம்."

அவர் மனைவி வெளியே எழுந்து போனார். "சரி, பரவால்ல" என்றார் பாய். வேறு நாள் போய்ப் பாருங்கள் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. நான் படம் போடுவதையும் விட்டுவிட்டேன். மகள் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கி, இப்போது விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு மாற்றலும் வரவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் அந்த மணிக்கட்டு வளைந்து கொடுக்கவில்லை. ஒரு நாள் கடைப்பக்கம் போனேன். முதுகைக் காட்டி உட்கார்ந்து, தகரத் துண்டு ஒன்றில் இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அ. மறுபடியும் அ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதுவது போல சுழி பெரிதாகி, கோடு நடுங்கி இழுத்துக்கொண்டு போனது. அப்படி எழுதும் கையை நான் எத்தனையோ முறை பிடித்துத் திருத்தியிருக்கிறேன். அன்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, அவர் திரும்புவதற்குள் நகர்ந்துவிட்டேன்.