சைவ வீட்டில் அயிரை மீன்

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். கணவருக்குப் பக்கத்திலிருந்த வல்லத்தில் பிளாக் ஆபீசில் குமாஸ்தா வேலை. கடைத்தெருவுக்குப் பின்னால், தானிய மண்டி வைத்திருந்த ஒருவர் வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. சுத்த சைவக் குடும்பம். வீட்டுக்கார அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மீன், கறி, முட்டை எதையும் சமைக்கக் கூடாது என்று குடிவந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். நாங்களும் தலையாட்டினோம்.

கல்யாணப் பரிசாக என் அண்ணன் மெட்ராசிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி கொண்டுவந்து தந்திருந்தார். இரும்புச் சட்டம் போட்டது. கூடவே வந்த கலர் மீன்கள் இரண்டே நாளில் செத்துப்போயின. தொட்டி காலியாகக் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, இமையே இல்லாத மீன் எப்படித் தூங்கும் என்று கேட்டாள். புத்தகத்தில் இருந்ததைப் படித்துக் காட்டிச் சமாளித்தேன். ஆனால் நானே ஒரு மீன் தூங்கிப் பார்த்ததில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

பனமலைப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் ஒரு மீன்கார அம்மா கடைத்தெருவுக்கு வருவார். அயிரையை மட்டும் ஒரு குண்டானில் தண்ணீர் விட்டு உயிரோடு வைத்திருப்பார். விரல் நீளம்தான் இருக்கும், வாயோரம் குட்டி மீசையோடு. அக்காவிடம் முதலில் அனுமதி கேட்டேன். சமைக்க இல்லை, பார்க்கத்தான் என்றேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். எட்டு மீன் போதும் என்றதும் மீன்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டு மீனு உப்பு பாக்கக்கூட பத்தாதே டீச்சரம்மா" என்றார்.

தொட்டியின் அடியில் கல் உடைக்கிற இடத்திலிருந்து பொறுக்கி வந்த வெள்ளைச் சில்லுகளைக் கழுவிப் பரப்பியிருந்தேன். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மீன்கள் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்காது. மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு திரியும். இரண்டு வாரத்தில் அவற்றின் மீசை தேய்ந்து குட்டையானதைக் கவனித்தேன். ஒன்றுக்கு வயிற்றில் கீறல். ஒன்று செத்து மிதந்தது. தண்ணீரை மாற்றினேன், பொட்டுக்கடலை மாவை நிறுத்திவிட்டுச் சோற்றுப் பருக்கை போட்டேன், தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தினேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். கல்லின் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மீன்கார அம்மாவையே வந்து பார்க்கச் சொன்னேன். கூடையைத் தெருவிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு சில்லை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். சுருக்கென்று குத்தியது.

"இதும்மேல உன்னால படுக்க முடியுமா? இது மண்ணுல படுக்கற மீனு. ஆத்து மண்ணு கொண்டாந்து போடு" என்றார்.

அவர் வெளியே போகும்போது அக்கா பார்த்துவிட்டார். மீன்கார அம்மா போனதும் வாசலைக் கழுவிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணவர் சைக்கிள் கேரியரில் ஒரு கோணியில் ஆற்றுமணல் கொண்டுவந்தார். கிணற்றடியில் உட்கார்ந்து அலசினேன், அலசினேன், கலங்கல் நிற்கவே இல்லை. பத்துத் தடவைக்கு மேல்தான் தண்ணீர் தெளிந்தது. மீன்களைப் பழைய தண்ணீரோடு ஒரு பானைக்கு மாற்றிவிட்டு, சில்லுகளை அள்ளிக் கொட்டினேன். அடியில் தங்கியிருந்த அழுக்குத் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றியபோது நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நாலு விரல் உயரத்துக்கு மணலைப் பரப்பி, அது கிளம்பாமல் இருக்க ஒரு தட்டின் மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டேன். அப்படியும் மோர் மாதிரிதான் கலங்கியது. அதிலேயே மீன்களை விட்டு, மேலே கம்பி வலையை மூடிவைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால் தண்ணீர் பளிச்சென்று தெளிந்திருந்தது. உள்ளே ஒரு மீன்கூட இல்லை.

ஏழும் இல்லை. வலை போட்டது போட்டபடி இருந்தது. தரையில் ஈரம் இல்லை. பூனை வந்த தடயமும் இல்லை. மணலின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. தண்ணீர் ஊற்றியதில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். என் புத்தி போனது வேறு எங்கோ. அக்கா சனிக்கிழமை வாசலைக் கழுவியது ஞாபகம் வந்தது. மீன் இருப்பது பிடிக்காமல் எடுத்துக் கிணற்றில் விட்டிருப்பாரோ?

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் போய்க் கேட்டேவிட்டேன். "அக்கா, மீனை எடுத்து எங்கயாவது விட்டுட்டீங்களா?"

அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"நானே கேக்கணும்னு இருந்தேன். மீன்காரம்மா எதுக்கு வூட்டுக்குள்ள வந்தாங்க? நேத்து கொல்லை பூரா மீன் கவிச்சி அடிச்சுது. இன்னா கொழம்பு வெச்ச?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாயங்காலம் மண்டிக்காரர் என் கணவரைக் கூப்பிட்டு, மாசக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கணவர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அந்த ஊரில் எங்களுக்கு அப்போது வேறு யாரையும் தெரியாது. கிணற்றடியில் அக்காவும் நானும் எதிரெதிரே பார்த்தும் பேசிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மணலை வேப்பமரத்தடியில் கொட்டிவிடுவதாகத் திட்டம். பாதித் தண்ணீரைச் செம்பால் முகந்து ஊற்றிவிட்டு, மணலை அள்ளக் கையை விட்டேன். விரலுக்கடியில் ஏதோ குளிர்ச்சியாக நெளிந்தது. நான் போட்ட சத்தத்தில் அக்கா ஓடிவந்துவிட்டார்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மணல் ஓரிடத்தில் புகை மாதிரி எழும்பியது. அதிலிருந்து ஒரு மூக்கு, அப்புறம் மீசை, அப்புறம் இரண்டு கண்கள். கழுத்துவரை மணலில் புதைந்துகொண்டு ஒரு அயிரை எங்களையே பார்த்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அக்கா சன்னமாக எண்ண ஆரம்பித்தார். ஏழு என்று சொன்னதும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மண்ணுல படுக்கும் என்று அந்த அம்மா சொன்னதை, மணலின் மேலே படுக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். போர்த்திக்கொண்டு உள்ளேயே படுக்கும் என்று தோன்றவே இல்லை.

"நீ தின்னுட்டேன்னு நெனச்சுட்டேன் டீச்சர்" என்றார் அக்கா.

கிணற்றில் விட்டிருப்பீர்கள் என்று நான் நினைத்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தொட்டியைக் காட்டி, "உள்ள எப்பிடி மூச்சு வுடுது அது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது அக்கா என்றேன். டீச்சராகி நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீடு மாறுகிற பேச்சு அன்றைக்கே முடிந்தது. அதற்கப்புறம் சாயங்காலமானால் அக்கா பின்கட்டுக்கு வந்துவிடுவார். மீன்கள் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகச் சலித்துத் துப்புவதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். யாராவது வேகமாக நடந்துவந்தால் ஏழும் ஒரே நொடியில் மறைந்துவிடும் என்பதையும் அவர்தான் கவனித்தார். ஒரே மாதத்தில் மீசைகள் மறுபடி நீண்டன. மீன்கார அம்மா வந்து பார்த்தபோது, கூடை தெருவில்தான் இருந்தது என்றாலும், அக்கா அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு மாற்றலாகி ஊரை விட்டுக் கிளம்பியபோது, தொட்டியை மீன்களோடு அக்காவிடமே விட்டுவிட்டு வந்தோம்.

அன்று நான் கேட்ட கேள்வியை அக்கா மறந்துவிட்டார். என்னால்தான் முடியவில்லை. வீட்டில் ஏதாவது காணாமல் போனால் இன்றைக்கும் யாரையும் கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். தேடாமல் கேட்ட ஒரு வார்த்தை இன்னொருவரை எவ்வளவு தூரம் காயப்படுத்தும் என்று எனக்குத் தெரியும்.