பீரோவோடு திட்டுக்குப் போனேன்

என் மகளுக்கு வலி கண்டபோது எங்களைச் சுற்றிக் கொள்ளிடம் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்தது ஆற்றின் நடுவில் ஒரு திட்டு. படகு கரையில். ஆண்கள் எல்லாரும் கரையில். என் இடுப்பில் ஒரு புது இரும்புப் பீரோவின் சாவி செருகியிருந்தது. அன்று என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அந்த நிலையில் ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எங்களுக்கு அரியலூர். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. எவர்சில்வர் பாத்திரம் அப்போதுதான் ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. கூடத்துப் பலகை நிறைய அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டி வைத்திருந்தேன். அவற்றில் ஒரு நாளும் சமைத்ததில்லை. வருகிறவர்கள் பார்க்க வேண்டும், அதற்குத்தான். சமையல் பழைய அலுமினியச் சட்டியில் நடந்தது.

மகள் லூர்துவைத் திருமழபாடிக்குக் கிழக்கே கொள்ளிடத் திட்டில் கட்டிக் கொடுத்தோம். எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம், பையன் நல்லவன் என்று வீட்டுக்காரர் முடித்த இடம். எனக்கு மனம் ஒப்பவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் நான் அங்கே போகவில்லை. சம்மந்தி வீடு எங்கே என்று யாராவது கேட்டால், “திருமழபாடிப் பக்கங்க” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில்தான். ஒன்பதாம் மாதம் அழைத்துவரப் போக வேண்டும். வெறுங்கையோடு போக எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணச் சீரில் விட்டுப்போன பீரோவைக் கொண்டுபோய் இறக்கினால், நாங்கள் யார் என்று திட்டுக்காரர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். கதவில் மகள் பெயரை எழுதச் சொன்னேன். மழைக்காலம், பெயின்ட் காயவில்லை. காயட்டும் என்று பயணத்தைத் தள்ளிப் போட்டேன். அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது.

கரை வரை மாட்டுவண்டியில் வந்த பீரோவைப் படகில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். இறங்கிய பிறகுதான் பார்த்தேன், திட்டில் இருந்தவை எல்லாம் நாணல் குடிசைகள். ஆளே குனிந்துதான் நுழைய வேண்டும். பீரோ எங்கே நுழையும்? துறையிலேயே நிறுத்தி, மேலே ஒரு பாயைப் போட்டு மூடினார்கள். சம்மந்தி சவேரியம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இதுக்குள்ள என்ன வெக்கிறது சம்மந்தி? எங்க வூட்டுச் சாமான் மொத்தமும் போட்டாலும் ஒரு தட்டு நெறயாதே.”

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். திட்டில் ஒரு வழக்கம். ஒரு பெண் ஒரே நடையில் தலையில் தூக்கிப்போகிற அளவுதான் ஒரு வீட்டில் சாமான் இருக்கும். அரிசி, விதை, இரண்டு சட்டி, மாற்றுத் துணி. எல்லாம் ஒரு கூடைக்குள் அடங்கும். அதற்கு மேல் சேர்ந்தால் கரையில் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் ஏறினால் கூடையோடு குருசடி மேட்டுக்குப் போய்விடுவார்கள். சிலுவை நட்டுக் கொட்டகை போட்ட அந்த மேடுதான் திட்டில் உயரமான இடம். இதைக் கேட்டபோது அவர்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை மருமகனும் மற்ற ஆண்களும் கத்தரிக்காயும் பூசணியும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். படகு திரும்பியதும் நாங்கள் ஊருக்குக் கிளம்புவதாகப் பேச்சு. கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. மேற்கே பலத்த மழையாம். உச்சிப்பொழுதுக்குள் படகு கடக்க முடியாத வேகம் வந்துவிட்டது. அப்போதுதான் லூர்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குடிசைக்குள் தண்ணீர் வந்தது. மேட்டுக்குப் போகிற வழி பள்ளம், அங்கே இடுப்பளவு ஓடியது. அவளால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அவளைத் தூக்க என்னாலும் முடியவில்லை. ஈர மண்ணில் முழங்கால் போட்டேன்.

“ஆண்டவரே, ஒரு படகு அனுப்பும். வேற ஒண்ணும் கேக்கல.”

இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். படகு வரவில்லை.

பெண்கள் கூடையும் தலையுமாக மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சவேரியம்மா எங்கள் பக்கம் திரும்பினார். தலையிலிருந்த கூடையை இறக்கித் தண்ணீரில் விட்டார். அது மெல்ல நகர்ந்து போனது. பின்னால் வந்த மூன்று பெண்களும் அப்படியே இறக்கினார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. லூர்துவைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, நான்கு பேரும் தோளில் தூக்கினார்கள்.

“அவ கையப் புடிச்சிக்கிட்டே வாங்க சம்மந்தி. கீழ பாக்காதீங்க.”

சிலுவைக்குப் பக்கத்தில் என் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பொழுது சாயும்போது, கட்டில் தூக்கியவர்களில் ஒருத்தி கஞ்சி வைக்கப் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு பிடி அரிசி வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு வீடுகளுக்கு இருந்த எல்லாமும் ஆற்றோடு போய்விட்டது, அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கான விதை உட்பட. சவேரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“எறக்கி வெச்சேன், ஆறு எடுத்துக்கிச்சு. இப்ப அதுக்கு என்னங்க? புள்ளைக்குக் காத்து படுது, முந்தானையப் போடுங்க” என்றார்.

படகு கேட்ட எனக்கு ஆண்டவர் நான்கு பேரின் தோளைக் கொடுத்தார்.

தண்ணீர் வடிந்து ஊருக்கு வந்ததும், பலகையிலிருந்த எவர்சில்வரை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பவும் திட்டுக்குப் போனேன். அந்த நான்கு பெண்களும் ஆளுக்கு இரண்டு சட்டி எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தைத் தூக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு யோசித்து, அதைக் கோயில் திருவிழாச் சமையலுக்குக் கொடுத்தேன். இன்று என் வீட்டிலும் நான் ஒருத்தி தூக்குகிற அளவுதான் சாமான். வருகிறவர்கள் வெறும் பலகையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஏதோ பெரிய நஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

உங்களில் யாராவது இன்று அப்படித் தண்ணீருக்கு நடுவில் நின்றால், ஆண்டவரைக் கேளுங்கள். அவர் கேட்கிறார், அது எனக்குத் தெரியும். ஆனால் படகு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பீரோ என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்பார்கள். வெள்ளம் அதை மல்லாக்கத் தள்ளிவிட்டுப் போனது. துறையில் பாதி மணலுக்குள் கிடக்கிறது. காயட்டும் என்று நான் காத்திருந்த பெயர் இப்போது அதில் இல்லை. படகிலிருந்து சேறு படாமல் இறங்க வசதியாக இருக்கிறது என்று திட்டுக்காரர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். பேத்தியைப் பார்க்கப் போகும்போது நானும் அதன் மேல் கால் வைத்துத்தான் இறங்குகிறேன். வழுக்குவதில்லை. ஆண்டவருக்கு நன்றி.