அக்காவின் மெமரி கார்டு

ஒருமுறைகூடப் பிழை செய்யாதவளுக்கு எதற்கு இத்தனை பயம்? சின்னக் கணினிகளைப் பழுதுபார்க்கும் அவளைப் பற்றி எல்லோரும் கேட்ட கேள்வி இது. அவற்றின் நிரம்பிய மெமரி கார்டைப் பெரிய கார்டுக்கு நகலெடுத்து, பிறகு கூடுதல் இடமும் பயன்படும்படி பார்ட்டிஷனை, அதாவது கார்டில் தரவுக்கு ஒதுக்கிய பகுதியை, விரிப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று வந்தது அக்காவின் கார்டு. ஆறு வருட ஆராய்ச்சி, வேறு பிரதி கிடையாது.

"கார்டுதானேடி, பாம்பா? ஏன் இப்படி நடுங்குற?"

"பாம்புன்னா அடிச்சுடலாம்க்கா."

என்டரை அழுத்தப்போனவள் திரையைப் பார்த்து உறைந்தாள். எந்தக் கார்டிலிருந்து எந்தக் கார்டுக்கு நகலெடுப்பது என்பதைத் தலைகீழாகக் கொடுத்திருந்தாள். அழுத்தியிருந்தால் வெற்றுக் கார்டு ஆராய்ச்சியை அழித்திருக்கும். சத்தமில்லாமல் திருத்தினாள். நகல் முழுதாக வந்தது. திறந்தும் பார்த்தாள். ஆனால் பார்ட்டிஷனை விரிக்காமலே இரண்டு கார்டுகளையும் அக்காவின் கையில் திணித்து, "மிச்ச வேலையை வேற யார்கிட்டயாவது குடுத்துக்கோ" என்றாள்.